ஒன்பது கப்பல் ஆறானால் தம்பியின் வேலை என்னாகும்?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்த கேள்விக்கு இந்தப் பதில். அவருடைய தம்பி அடிலெய்டில் இருக்கிறார், அவுஸ்திரேலியக் குடியுரிமை எடுத்துவிட்டார், வெல்டிங் நன்றாகத் தெரிந்தவர். ஒஸ்போர்னில் உள்ள போர்க்கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்கு விண்ணப்பிக்க நினைக்கிறார். ஹன்டர் வகைப் போர்க்கப்பல் ஒன்பது கட்டுவதாகச் சொன்ன அவுஸ்திரேலிய அரசு அதை ஆறாகக் குறைத்துவிட்டது என்ற செய்தியைப் படித்த பிறகு வீட்டில் பயம் வந்துவிட்டது. "அரசாங்க ஓடர் என்றால் உறுதியானது என்றுதானே நினைத்தோம். ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது? நம்பிப் போகலாமா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, நீங்கள் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டாலும், உங்கள் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். ஒரு அரசாங்கத்தின் பேச்சை நம்பி ஒருவன் தன் இருபது வருடத்தைக் கொடுக்கலாமா என்பதே உங்கள் கவலை. நான் முப்பது வருடத்துக்கு மேல் கப்பல் தளங்களில் திட்டமிடல் பகுதியில் வேலை செய்தவன். கொழும்பில் தொடங்கினேன், பிறகு சிங்கப்பூர், கடைசியில் பிரித்தானியா. எந்தத் தகட்டை எந்தக் கிழமை வெட்ட வேண்டும், எந்தக் குழாய் எப்போது வந்து சேர வேண்டும், எத்தனை வெல்டர்கள் எந்தப் பகுதியில் நிற்க வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் என் தொழில். அமைச்சர்கள் பேசும் அறைக்குள் நான் இருந்ததில்லை. ஆகவே ஒரு அரசு ஏன் மனம் மாறியது என்று நான் சொல்வதை ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள். மனம் மாறினால் தளத்தில் என்ன நடக்கும் என்பது கண்ணால் கண்டது.

எங்கள் ஊருக்கு இது புதிய கதையும் இல்லை. என் அம்மப்பா திருகோணமலை டொக்யாட்டில் பொயிலர் வேலை செய்தவர். 1947 இல் பிரித்தானியாவோடு செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, சுதந்திரத்துக்குப் பிறகும் கடற்படைத் தளம் அவர்கள் கையிலேயே இருந்தது. 1956 இல் பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார், 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கைமாறியது. சுதந்திர நாடு தன் துறைமுகத்தைத் திரும்ப எடுத்தது சரியான காரியம். ஆனால் அந்தக் கப்பல்களைப் பழுதுபார்த்தே சாப்பிட்ட குடும்பங்களுக்கு அது வேலை போன வருடம். அம்மப்பா பிறகு மூதூர் லோஞ்சுகளின் எஞ்சின் பார்த்தும், கிடைத்த ஒட்டு வேலைகளைச் செய்தும்தான் நாலு பிள்ளைகளை வளர்த்தார். அவருடைய கைவேலையில் ஒரு குறையும் இருக்கவில்லை. முடிவு லண்டனிலும் கொழும்பிலும் எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்கு முதலில் அவர் ஞாபகம்தான் வந்தது.

சரி, அரசாங்க ஓடர் ஏன் நாம் நினைக்கிற அளவுக்கு உறுதியில்லை? சரக்குக் கப்பல் என்றால் முதலாளி கையெழுத்துப் போடுவார், இரண்டு மூன்று வருடத்தில் கப்பலை எடுத்துக்கொண்டு போவார். போர்க்கப்பல் அப்படியில்லை. முதல் வரைபடத்திலிருந்து அந்த வகையின் கடைசிக் கப்பல் கடலில் இறங்கும்வரை இருபது வருடம் சாதாரணமாகப் போய்விடும். அதற்குள் நாலைந்து தேர்தல் வரும், வருடா வருடம் வரவு செலவுத் திட்டம் வரும், உலகத்தில் எங்காவது ஒரு யுத்தம் தொடங்கும் அல்லது முடியும். அரசு வெளியிடும் பாதுகாப்பு அறிக்கையில் ஒரு எண்ணிக்கை இருக்கும். ஒப்பந்தத்தில் இருப்பது அதைவிடச் சிறிய எண்ணிக்கை. பிரித்தானியாவின் டைப் 26 போர்க்கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 13 என்று பேசினார்கள். 2015 இல் அது 8 ஆனது. அந்த எட்டுக்கும் ஒரே தடவையில் கையெழுத்துப் போடவில்லை. 2017 இல் மூன்றுக்கு, மற்ற ஐந்துக்கு 2022 நவம்பரில். ஆனால் தளம் கொட்டகை கட்டுவதும், பாரந்தூக்கி வாங்குவதும், பயிலுநர்களைச் சேர்ப்பதும் அறிக்கையில் உள்ள எண்ணிக்கையை நம்பித்தான். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் உங்கள் தம்பியைப் போன்றவர்களின் வேலை தொங்கிக்கொண்டிருக்கிறது.

எண்ணிக்கையைக் குறைத்தால் காசு மிச்சமாகும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். கொஞ்சம் மிச்சமாகும், எதிர்பார்த்த அளவுக்கு ஆகாது. வரைபடம், சோதனை, புதிய கருவிகளை உருவாக்கும் செலவு எல்லாம் ஒரு கப்பல் கட்டினாலும் பன்னிரண்டு கட்டினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரித்தானியா டைப் 45 நாசகாரிக் கப்பல் பன்னிரண்டு வேண்டும் என்று தொடங்கி, எட்டாக்கி, கடைசியில் ஆறோடு நிறுத்தியது. ஆறுக்கும் சேர்த்து 6 பில்லியன் பவுணுக்கு மேல் போனது, அதாவது ஒரு கப்பல் ஒரு பில்லியனுக்கு மேல். அமெரிக்காவின் சும்வால்ட் வகையில் இது இன்னும் மோசம். 32 கட்ட நினைத்து மூன்றில் நின்றார்கள். அதன் பீரங்கிக்கென்றே தனியாக உருவாக்கிய குண்டு, கப்பல் குறைந்ததால் ஒன்றின் விலை 8 இலட்சம் டொலர் அளவுக்கு ஏறி, அதை வாங்குவதையே விட்டுவிட்டார்கள். பீரங்கி இருந்தது, குண்டு இல்லை.

தள்ளிப்போடுவதும் இப்படித்தான். பிரித்தானியாவின் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு 2008 ஜூலையில் ஒப்பந்தம் போட்டார்கள். அதே வருடம் டிசம்பரில், அந்த வருடங்களின் செலவைச் சமாளிக்க வேலையை ஓரிரு வருடம் மெதுவாக்கச் சொன்னார்கள். அந்தத் தாமதத்தால் மொத்தச் செலவு ஒன்றரை பில்லியன் பவுணுக்கு மேல் கூடியது என்று அங்குள்ள தேசியக் கணக்காய்வு அலுவலகம் பிறகு சொன்னது. 2010 இல் புதிய அரசு வந்து, இரண்டாவது கப்பலை நிறுத்தலாமா என்று பார்த்தது. ஒப்பந்தம் இருந்த நிலையில் கட்டுவதைவிட நிறுத்துவதற்கு அதிகம் செலவாகும் என்று பிரதமர் கமரூனே நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அரசே வேறொரு வகை விமானத்தைத் தெரிவு செய்து, விமானத்தைக் கவண் போல எறியும் கருவியைப் பொருத்தச் சொன்னது. 2012 இல் செலவு இரட்டிப்பாகும் என்று தெரிந்ததும் பழைய விமானத்துக்கே திரும்பியது. இரண்டு வருடம் வரைபட அறையில் இருந்தவர்கள் வரைந்ததெல்லாம் பெட்டிக்குள் போனது.

நடுவில் மாற்றுவது ஏன் இவ்வளவு செலவு என்பதற்குத் தளங்களில் ஒரு பழைய கணக்கு உண்டு. பட்டறைக்குள் ஒரு மணித்தியாலத்தில் முடியும் வேலை, கப்பலின் துண்டாகக் கட்டிய பிறகு செய்தால் மூன்று மணித்தியாலம் எடுக்கும். கப்பல் தண்ணீரில் இறங்கிய பிறகு செய்தால் எட்டு. இது அளந்து எடுத்த சட்டமில்லை, ஆனால் எனக்குத் தெரிந்த எந்த மேற்பார்வையாளரும் இதை மறுத்ததில்லை. நான் வேலை செய்த ஒரு தளத்தில், ஒரு நாட்டின் ரோந்துக் கப்பலுக்குக் கம்பத்தின் மேல்பகுதியை முடித்து, வயரெல்லாம் இழுத்து, பெயின்றும் அடித்துவிட்டோம். அந்த நேரத்தில் வேறு ராடர் வேண்டும் என்று கடிதம் வந்தது. புதிய ராடர் பாரம் கூடியது. உயரத்தில் பாரம் கூடினால் கப்பல் சாயும் தன்மையையே மறுபடி கணக்கிட வேண்டும். கீழே உள்ள தளத்தட்டைப் பலப்படுத்த வேண்டும், அதற்கு அங்கே போன குழாய்களைக் கழற்ற வேண்டும். காகிதத்தில் ஒரு வரி மாற்றம். தளத்தில் ஏழு கிழமை. அந்த ஏழு கிழமையும் வேறு பகுதி வெல்டர்கள் வேலையில்லாமல் நின்றார்கள், நிரந்தர வேலையில்லாதவர்களை அனுப்பியும் விட்டார்கள். அனுப்பியவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை.

அதைத்தான் உங்கள் தம்பி முதலில் கவனிக்க வேண்டும். கப்பல் எத்தனை என்பதைவிட, ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதுதான் தளத்தை வாழவைக்கும் அல்லது சாகடிக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இயந்திரம் சும்மா கிடந்தால் எண்ணெய் போட்டு வைக்கலாம். வெல்டரின் கையை அப்படி வைக்க முடியாது. சர்வதேச விதிப்படி, தான் சான்றிதழ் பெற்ற முறையில் ஆறு மாதம் வேலை செய்யாத வெல்டரின் சான்றிதழ் செல்லாது. அது வெறும் காகித விதி என்று நினைக்க வேண்டாம், கை உண்மையிலேயே மறந்துவிடும்.

பிரித்தானியாவின் பரோ நகரத்தில் நீர்மூழ்கி கட்டும் தளத்தில் 1980களின் கடைசியில் 14,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பனிப்போர் முடிந்தது, ஒரு வகை நீர்மூழ்கி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் அது சில ஆயிரமாகச் சுருங்கியது. பிறகு அஸ்டியூட் வகையைக் கட்டத் தொடங்கியபோது, எப்படிச் செய்வது என்று தெரிந்தவர்கள் போதவில்லை. 2003 இல் அமெரிக்காவின் எலக்ட்ரிக் போட் நிறுவனத்திடம் உதவி கேட்டார்கள். அப்படியும் முதல் நீர்மூழ்கி பல வருடம் பிந்தித்தான் சேவைக்கு வந்தது.

பக்கத்து இந்தியாவிலும் இதே கதை. ஜேர்மனியின் எச்.டி.டபிள்யூ நிறுவனத்திடம் பயிற்சி பெற்று, மும்பாய் மசகான் டொக்கில் இரண்டு நீர்மூழ்கிகளைக் கட்டினார்கள். ஷல்கி 1992 இலும் ஷங்குல் 1994 இலும் கடற்படையில் சேர்ந்தன. அந்த நிறுவனத்தின் மேல் இலஞ்சக் குற்றச்சாட்டு எழுந்து அரசியல் கொந்தளித்ததில், அதற்குப் பிறகு திட்டமிட்டிருந்தவை நின்றுபோயின. அடுத்த ஒப்பந்தம், பிரான்ஸின் ஸ்கோர்ப்பீன், 2005 இல்தான். அதில் முதலாவதான கல்வரி சேவைக்கு வந்தது 2017 இல். நடுவில் இருபத்துமூன்று வருடம். ஜேர்மனிக்குப் போய்ப் பழகி வந்த வெல்டர்கள் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்கள், இல்லாவிட்டால் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். இலஞ்சத்தை விசாரிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விசாரணையின் விலையைப் பட்டறையில் நின்றவர்கள் கொடுத்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

இடைவெளியின் ஆபத்து அரசுகளுக்கும் தெரியும். 2009 இல் பிரித்தானிய அரசு தன் பெரிய கப்பல் கட்டும் நிறுவனத்தோடு ஒரு உடன்படிக்கை செய்தது. 15 வருடத்துக்கு, வருடத்துக்குக் குறைந்தது 230 மில்லியன் பவுண் அளவுக்கு வேலை தருவதாக அதில் ஒப்புக்கொண்டது. டைப் 26 பிந்தியபோது, சும்மா இருக்கும் ஆட்களுக்குக் காசு கொடுப்பதைவிடக் கப்பல் வாங்குவது மேல் என்று, கடற்படை அவசரமாகக் கேட்காத மூன்று ரோந்துக் கப்பல்களை ஓடர் செய்வதாக 2013 நவம்பரில் அறிவித்தார்கள், பிறகு இன்னும் இரண்டு. அதனால் கிளாஸ்கோவின் கிளைட் ஆற்றுத் தளங்கள் பிழைத்தன. அதே நவம்பரில் போர்ட்ஸ்மத்தில் கப்பல் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள், 940 பேருக்கு வேலை போகும் என்றார்கள். ஒரே கொள்கை, ஒரே கிழமை, ஒரு ஊர் நின்றது, இன்னொரு ஊர் விழுந்தது. நான் அப்போது இரண்டு ஊரிலும் இருக்கவில்லை, ஆனால் போர்ட்ஸ்மத்திலிருந்து எங்கள் தளத்துக்கு வேலை தேடி வந்தவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன். ஐம்பது வயதில், வேறு ஊரில், வாடகை அறையில்.

எல்லாப் பழியையும் அரசின் மேல் போடுவதும் நியாயமில்லை. உலகம் மாறும்போது திட்டம் மாறத்தான் வேண்டும், தேவையில்லாத கப்பலைக் கட்டி முடிப்பது மக்களின் காசு. சில திட்டங்கள் மாறுவது, முதலிலேயே அவசரப்பட்டுத் தொடங்கியதால். அமெரிக்காவின் கொன்ஸ்டலேஷன் வகைப் போர்க்கப்பலுக்கு 2020 இல் ஒப்பந்தம் போட்டார்கள். ஏற்கனவே ஐரோப்பாவில் ஓடும் ஒரு கப்பலின் வரைபடம், அதில் 85 வீதம் அப்படியே இருக்கும் என்பதுதான் யோசனை. கடற்படை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, ஒற்றுமை 15 வீதத்துக்கு வந்துவிட்டது. வரைபடம் முடியாமலே 2022 இல் தகடு வெட்டத் தொடங்கினார்கள். முதல் கப்பல் மூன்று வருடம் பிந்தும் என்றானது. 2025 நவம்பரில், தொடங்கிய இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இரத்துச் செய்தார்கள். இதில் கடற்படையின் பங்கு எவ்வளவு, தளத்தின் பங்கு எவ்வளவு என்பதில் தொழிலில் உள்ளவர்களே ஒத்துப்போவதில்லை. வரைபடம் முடியாமல் தகட்டைத் தொடக் கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போவார்கள்.

இங்கே எங்கள் ஊர்ப் பெயர் கொண்ட கப்பலைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. 1782 இல் நம் கடலில் நடந்த சண்டையின் நினைவாக 'திருகோணமலை' என்று பெயர் வைத்த பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. நெப்போலியன் யுத்தத்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால், பம்பாயில் வாடியா குடும்பத்தின் தளத்தில் தேக்கில் கட்டச் சொல்லி 1812 இல் ஓடர் கொடுத்தார்கள். வரைபடத்தைக் கொண்டுவந்த கப்பலை வழியில் அமெரிக்கர்கள் பிடித்துவிட்டார்கள். மறுபடி வரைபடம் அனுப்பி, 1816 இல் ஏரா (கப்பலின் அடிமரம்) வைத்து, 1817 ஒக்டோபர் 12 இல் கடலில் இறக்கினார்கள். அதற்குள் யுத்தமே முடிந்துவிட்டது. இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சும்மா கட்டி வைத்தார்கள். பிறகு பீரங்கிகளைக் குறைத்துச் சிறிய வகைக் கப்பலாக்கி, கடல் இறக்கி முப்பது வருடம் கழித்து 1847 இல்தான் முதல் தடவையாகச் சேவைக்கு எடுத்தார்கள். தேக்கு என்பதால் அதுவரை உளுத்துப்போகாமல் இருந்தது. நான் அதன் தட்டில் நின்றபோது, பலகைகளின் பொருத்தில் தண்ணீர் புகாமல் கலப்பத்து அடித்து அடைத்திருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். செய்தவர்களின் கைக்கும் அந்த முப்பது வருடத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இப்போது அடிலெய்டுக்கு வருவோம். அவுஸ்திரேலியா இந்த விஷயத்தில் கெட்ட பெயர் எடுத்த நாடுதான். கப்பல் முடிந்து அடுத்த ஓடர் வராத காலத்தை அங்கே 'மரணப் பள்ளத்தாக்கு' என்றே சொல்வார்கள். 2016 இல் பிரெஞ்சு நிறுவனத்தோடு பன்னிரண்டு நீர்மூழ்கி என்றார்கள். 2021 செப்டெம்பரில் ஒரே நாளில் அதைக் கைவிட்டு, அமெரிக்கா, பிரித்தானியாவோடு அணுசக்தி நீர்மூழ்கிக்கு மாறினார்கள். பிரெஞ்சு நிறுவனத்துக்கு 555 மில்லியன் யூரோ கொடுத்துத்தான் அந்தக் கணக்கை முடித்தார்கள். ஹன்டர் வகை ஒன்பது ஆறானது 2024 பெப்ரவரியில், நீங்கள் படித்த செய்தி சரிதான்.

ஆனால் அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது, செய்தித் தலைப்பில் வராதது. ஆறு ஹன்டருக்குப் பிறகு, இடைவெளி விடாமல், இப்போதுள்ள ஹோபார்ட் வகைக்குப் பதிலான கப்பல்களை ஒஸ்போர்னிலேயே கட்டுவது என்பது. அதோடு அணுசக்தி நீர்மூழ்கிகளையும் அங்கேதான் கட்டப் போகிறார்கள். முதல் ஹன்டருக்கு 2024 ஜூனில் தகடு வெட்டத் தொடங்கியாகிவிட்டது. 2021 இல் நீர்மூழ்கித் திட்டம் நின்றபோதும், பயிற்சி பெற்றவர்களைக் கலைந்துபோக விடாமல் வேறு வேலைகளில் வைத்துக்கொள்ள அரசு ஏற்பாடு செய்தது. பழைய தவறிலிருந்து ஓரளவு பாடம் படித்திருக்கிறார்கள். ஹன்டரின் முதல் கப்பல்கள் கட்டும் வரைக்கும் வேலை இருக்கும் என்பது என் பார்வையில் உறுதி. அதற்குப் பிறகு வருவது அரசின் எண்ணம், ஒப்பந்தம் அல்ல. நீர்மூழ்கி 2040களின் தொடக்கத்தில்தான் என்கிறார்கள், அவ்வளவு தூரத்து வாக்கில் நான் வீட்டுக் கடன் எடுக்க மாட்டேன்.

இங்கேயே இருந்திருந்தால் நிலைமை மேலா என்று நீங்கள் யோசிக்கலாம். நம் கடற்படையின் பெரிய கப்பல்கள் கோவாவில் கட்டியவை, அல்லது அமெரிக்கக் கரையோரக் காவல்படையும் சீனாவும் பாவித்துக் கொடுத்தவை. ஜயசாகர போன்ற ரோந்துக் கப்பல்களை 1980களில் கொழும்பு டொக்யாட்டில் கட்டினோம் என்பது உண்மை, ஆனால் தொடர்ந்து கட்டும் அளவுக்கு ஓடர் வந்ததில்லை. ஜப்பானிய முதலீட்டாளர் விலகி, 2025 இல் மசகான் டொக் கொழும்பு டொக்யாட்டின் பெரும்பங்கை வாங்க முன்வந்தது. அது நல்லதாக முடிய வேண்டும் என்று விரும்புகிறேன். பழுதுபார்ப்பு வேலை மட்டும் எந்தத் திட்டம் மாறினாலும் நிற்காது, ஏனென்றால் ஓடுகிற கப்பல் துருப்பிடித்துக்கொண்டேதான் இருக்கும். அம்மப்பா பிழைத்ததும் அதில்தான்.

ஆகவே தம்பியைப் போகச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் எத்தனை கப்பல் என்று கேட்க வேண்டாம். இப்போது ஒப்பந்தம் போட்ட கப்பல்கள் எவை, தன் பகுதியின் வேலை எந்த வருடம் முடியும், அதற்குப் பிறகு அந்தப் பகுதியை எங்கே அனுப்புவார்கள் என்று கேட்கட்டும். நேரடி வேலையா, ஆள் வழங்கும் நிறுவனம் வழியாகவா என்பதையும் கேட்கட்டும், வேலை மெதுவாகும்போது முதலில் வெளியே போவது இரண்டாவது வகை ஆட்கள்தான். வெல்டிங் சான்றிதழ்களில் ஒன்றையாவது கப்பலுக்கு வெளியே, எரிவாயுக் குழாய்க்கோ அழுத்தக் கலனுக்கோ செல்லக்கூடியதாக வைத்திருக்கட்டும், அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்க வேண்டாம்.

அப்புறம், இந்த வேலைக்குப் பாதுகாப்பு அனுமதி எடுக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். கடந்த வருடங்களில் எங்கெங்கே வசித்தார், எந்தெந்த நாட்டுக்குப் போனார், வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யார் என்றெல்லாம் கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்கு இதுதான் சிக்கல், இடம்பெயர்ந்த காலத்து முகவரிகள் யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது. அம்மாவிடம் உட்கார்ந்து, எந்த வருடம் எந்த முகாம், எந்த உறவினர் வீடு, எந்தப் பாடசாலை என்று ஒரு கொப்பியில் வரிசையாக எழுதி, பாடசாலை விடுகைப் பத்திரங்களோடு இப்போதே அனுப்பி வையுங்கள்.